ஆளில்லாத ஊருக்கு மகள் அழைத்துப் போனாள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பூந்தமல்லியிலிருந்து கால் டாக்ஸியில் கிளம்பினோம். மீனம்பாக்கம் விமான நிலையம் பதினெட்டு கிலோமீட்டர்தான். வாடகை அறுநூற்று நாற்பது ரூபாய். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் போரூரைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்று சொல்லி, விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போதே என் மனைவி பரிதா என்னைக் கிளப்பிவிட்டாள். நான் டிரங்க் ரோட்டில் லாரி டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன். நசுங்கிய கதவையும் பானெட்டையும் தட்டி நேராக்குவது தொழில். அவசரப்படுவது என் வழக்கமில்லை, அது முழுக்க அவள் இலாகா.

டிரைவர் வேலப்பன்சாவடிக்காரர். பெட்டிகளை ஏற்றும்போதே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா பாய், ஃபாரினா?"

"ஆஸ்திரேலியா. பொண்ணு மாசமா கீது. தலைப்பிரசவம். இட்டார போறோம்."

"அதுக்கு ரெண்டு பேரும் பிளைட்டு ஏறிப் போவணுமா? ஒரு போன் போட்டா அதுவே வந்துடாது?"

பரிதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஏழாம் மாசத்துல பொண்ண தனியா வரச் சொல்லுவாங்களா? நாங்க போயி, பூ முடிச்சு, கையப் புடிச்சு அழைச்சுகினு வரணும். பக்கத்துத் தெருவுல கட்டிக் குடுத்தாலும் அப்படித்தான், ஆஸ்திரேலியால கட்டிக் குடுத்தாலும் அப்படித்தான்."

டிரைவர் அதன் பிறகு போரூர் வரை வாய் திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் கைப்பையில் போவதற்கு இரண்டு டிக்கெட்டும், திரும்பி வருவதற்கு மூன்று டிக்கெட்டும் இருந்தன. மூன்றாவது எங்கள் ஒரே மகள் நஸ்ரினுக்கு. அவளைக் கேட்டுத்தான் எடுத்தீர்களா என்றால், கேட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். போனில், "நீங்க வாங்க அத்தா, வந்ததும் பேசிக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் சரி என்று பொருள். முன்னறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம்.

சிங்கப்பூரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்து, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கெய்ர்ன்ஸில் இறங்கினோம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பச்சை மலையுமாக இருக்கும் சிறிய நகரம். விமான நிலையத்திலேயே எங்களுக்கு முதல் அடி விழுந்தது. பூ முடிப்பதற்கென்று பரிதா ஆறு முழம் மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி, வாழை இலைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். சோதனை அதிகாரி ஓர் இளம்பெண். மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பூவை இலையோடு சேர்த்து மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டாள். வெளிநாட்டுப் பூவையும் காயையும் அந்த நாட்டுக்குள் விடுவதில்லையாம். பரிதா அந்தத் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெளியே நஸ்ரின் நின்றிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. அவளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டபோது, பட்டறைக்காரன் நான், எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியாமல் கையைக் காற்றில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் ஆம்பூர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கும் மனிதர். கல்யாணத்தன்றிலிருந்தே எனக்கு அதில் ஒரு குறை உண்டு.

நாலு நாள் ஓடியது. ஊருக்குப் போகும் பேச்சைப் பரிதா எடுக்கும்போதெல்லாம் நஸ்ரினுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். துணி காயப்போட வேண்டும், ஆபீஸுக்குப் போன் பேச வேண்டும், தலைவலி. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒரு கார் போகும். ஒரு கிழவர் நாயோடு நடப்பார். இதைத் தெரு என்று சொல்லலாமா என்று எனக்குச் சந்தேகம். வியாழக்கிழமை சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"சனிக்கெழம உங்கள ஒரு ஊருக்கு இட்டுகினு போறேன் அத்தா. வூருநூரான்னு பேரு."

"யாரு ஊடு இருக்குது அங்க?"

"யாரு ஊடும் இல்ல. அந்த ஊர்ல ஆளே கெடையாது. சென்சஸ்ல எடுத்துப் பாத்தா, சைபர்."

ஆள் இல்லை என்றால் அது எப்படி ஊர் என்று கேட்டேன். மாப்பிள்ளை அதிசயமாக வாய் திறந்து விளக்கினார். இங்கே ஊர் என்பதற்கு வீடு இருக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டு ஒரு பெயரும் வைத்துவிட்டால் அது ஊர். வூருநூரான் முழுக்க மழைக்காடு, மலை, தேசியப் பூங்கா. யாரும் அங்கே வீடு கட்டிக் குடியேற முடியாது. எனக்குப் பாரிவாக்கம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்கூடக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட் என்று விற்றுவிடுவார்கள். இவ்வளவு பெரிய மலையைச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்களே என்று வியப்பாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, நான் முன்னால், அம்மாவும் மகளும் பின்னால். மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர், நேர் தெற்கே. நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் கரும்பு. கார்டன்வேல் என்ற ஊர் அருகே சின்னஞ்சிறு தண்டவாளத்தில் ஒரு கரும்பு ரயில் சாலையைக் கடந்தது. பெட்டி பெட்டியாகக் கரும்புத் துண்டுகள். முழுதும் கடந்து முடியும்வரை எல்லா வண்டிகளும் நின்றன, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பொறுமையில்லாமல் கை நீட்டி அழுத்தப் போனவன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைக் கையால் லேசாக மூடிக்கொண்டார்.

பத்து மணிக்கு முன்பே பாபிண்டா வந்தது. அந்த நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று என்றார்கள். அன்றும் தூறியது. சாலையோரக் கடையில் டீ வாங்கினோம். ஒரு கோப்பை ஐந்து டாலர், நம் காசுக்குக் கிட்டத்தட்ட முன்னூறு ரூபாய். பால் தனியாக, சர்க்கரை தனியாக, டீத்தூள் பொட்டலத்தில் நூல் கட்டித் தொங்கியது. எல்லா வேலையையும் நாமே செய்துகொள்ள வேண்டியிருந்தால் முன்னூறு ரூபாய் எதற்கு என்று பரிதா கேட்டாள். கடைக்காரப் பெண்மணி நஸ்ரினின் வயிற்றைப் பார்த்துச் சிரித்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பாதி புரிந்தது. அம்மா பிரசவத்துக்குத் துணையாக இருக்க வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நஸ்ரின் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் ஓர் ஆட்டு. எனக்குச் சுருக்கென்றது. டீ நன்றாகவே இல்லை.

நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பி எட்டு கிலோமீட்டர். குவீன்ஸ்லாந்து மாநிலத்திலேயே உயரமான மலை எதிரே நின்றது. ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம்; ஆனால் உச்சி மேகத்துக்குள் இருந்ததால் நான் பார்த்தது பாதி மலைதான். ஆளுயரப் பறவை ஒன்றின் படம் போட்ட மஞ்சள் பலகைகள் சாலை நெடுக இருந்தன. கசோவரி என்று பெயர், நெருப்புக்கோழிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. மெதுவாகப் போகச் சொல்லி அதற்காக ஓர் எச்சரிக்கை. சாலை முடியும் இடத்தில் காரை நிறுத்தினோம். கட்டணம் எதுவும் இல்லை. காட்டுக்குள் நுழையும் இடத்தில் இருந்த பலகையில், இந்த மலை காலங்காலமாக ஆதிகுடி மக்களுடையது என்றும், மலைக்கு அவர்கள் வைத்த பழைய பெயரும் எழுதியிருந்தது. ஆளில்லாத ஊர் என்பது யாருடைய கணக்கு என்று அங்கே நின்று யோசித்தேன். ஆள் இருந்த ஊர்தான் போலிருக்கிறது.

அங்கிருந்து அருவிக்கு அறுநூறு மீட்டர் நடை. நல்ல பாதை. ஆனாலும் பரிதா மகளின் முழங்கையை விடவில்லை. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. மரங்களின் வேர் சுவர் சுவராக எழுந்து நின்றது. கொடி ஒன்று முள்ளோடு தொங்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தது. எடுக்க எடுக்க வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது. நம் ஊர்க் கந்துவட்டிக்காரன் மாதிரி என்றேன். நஸ்ரின் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பாதையில் வெள்ளையாகச் சில பூக்கள் உதிர்ந்து கிடந்தன. பரிதா குனிந்தாள்.

"எடுக்காதம்மா. இங்க ஒரு இலகூட எடுக்கக் கூடாது."

"நான் எங்கடி பறிச்சேன்? கீழ வுயுந்து கெடக்குது."

"கீழ கெடந்தாலும் எடுக்கக் கூடாது."

"இன்னா நாடுடி இது! கொண்டாந்த பூவையும் புடுங்கிக்கிறான், கீழ கெடக்கறதையும் தொட வுட மாட்டேங்குறான். வயித்துப் புள்ளக்காரி தலைல எதத்தான் வெக்கிறது?"

நஸ்ரின் அம்மாவின் தோளில் முகத்தை ஒரு நொடி வைத்து எடுத்தாள்.

அருவி பெரிய உயரத்திலிருந்து விழும் ரகம் இல்லை. கருங்கல் பாறைகளின் மேல் படிப்படியாக வழுக்கிக்கொண்டு வந்து பச்சைக் குளங்களில் இறங்குகிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சத்தம் மட்டும் பலமாக இருந்தது. மேலே மரப்பலகை போட்ட மேடையில் நாங்கள் நால்வர் மட்டும். சாப்பாட்டுப் பையை எடுத்து வருகிறேன் என்று மாப்பிள்ளை காருக்குத் திரும்பிப் போனார். பை காரில் இருப்பது அவருக்கு வரும்போதே தெரியும். வேண்டுமென்றேதான் விட்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

பரிதா ஆரம்பித்தாள். "வர்ற சனிக்கெழம பிளைட்டு. உன் துணியெல்லாம் எப்பதான் எடுத்து வெக்கப் போற?"

"நான் வரலம்மா."

"இன்னா வரலன்ற?" என்று நான் கத்தினேன். எனக்குக் கோபம் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். "டிக்கெட்டு எடுத்தாச்சு, ரூம்பு ரெடி பண்ணியாச்சு, தெருவுக்கே சொல்லியாச்சு. இப்போ வந்து வரலன்னா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "இதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு அத்தா. போன வருசம். நாலு மாசம். தங்கல."

அருவிச் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று தெரியாமல் பரிதாவைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா இன்னா ஆயிருக்கும் அத்தா? நீங்க சொல்லலன்னாலும் தெருவுக்குத் தெரிஞ்சுடும். ஒவ்வொருத்தரா போன் பண்ணி, எந்த வேலைய செஞ்சே, எந்தக் காய சாப்ட்டேன்னு கேப்பாங்க. எனக்கு அப்போ பதில் சொல்ல ஆவல. அழணும் போல மட்டும் இருந்துச்சு. அடுத்த பிளாட்டுல ஆளு, ஆபீஸ்ல ஆளு. இவரு முன்னாடி அழுதா இவரும் அழுவாரு. அதான் சனிக்கெழம சனிக்கெழம இங்க வந்துடுவேன். இந்த எடத்துல நின்னு அழுதா எனக்கே கேக்காது. ஆறேழு மாசம் வந்தேன். பூந்தமல்லியா இருந்தா நான் எங்க போயி அழுவேன், சொல்லுங்க? பாத்ரூம்ல அழுதாகூட மும்தாஜ் அக்கா கதவத் தட்டும்."

மும்தாஜ் அக்கா எங்கள் பக்கத்து வீடு. நஸ்ரின் சொன்னது உண்மை. மும்தாஜ் அக்கா தட்டியிருப்பார்.

"அன்னிக்கு ராவெல்லாம் என் கையப் புடிச்சுகினு ஒரு நர்ஸ் இருந்தாங்க. இப்பவும் அவங்கதான் பாக்குறாங்க. அவங்கள வுட்டுட்டு, அவ்ளோ நேரம் பிளைட்டுல, என்னால முடியாது அத்தா. டாக்டர் போலாம்னுதான் சொல்றாரு. எனக்குத்தான் பயமா கீது."

இதை எழுதலாமா என்று பிறகு அவளிடமே கேட்டேன். "எழுதுங்க அத்தா, இப்போ சொல்லலாம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்த மேடையில் எனக்கு மகள் மேல் கோபம் இல்லை. எனக்கு ஒரு பேரப்பிள்ளை வந்து போயிருக்கிறது. அந்த நாட்களில் நான் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், கிரிக்கெட் பார்த்திருக்கிறேன், பிரியாணியில் உப்பு இல்லை என்று பரிதாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்காக ஒரு துஆ கேட்கக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பார்க்காத பிள்ளைக்காக இப்படி ஏங்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பரிதா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ உனக்கு யாருடி ஆக்கிப் போட்டது?"

"இவருதான். தெனமும் ரசம். அது ஒண்ணுதான் வெக்கத் தெரியும்."

அந்த நேரம் பாதையில் மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் இருந்த பை, இன்னொரு கையில் பரிதா உட்காருவதற்கு மடக்கு நாற்காலி. தூறலில் நனைந்திருந்தார். நான் எதிரே போய் நாற்காலியை வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ரசத்துல பூண்டு தட்டிப் போட்டீங்களா மாப்ள?" என்று கேட்டேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "போட்டேன் மாமா" என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பரிதா தீர்ப்புச் சொன்னாள். "நான் இங்கயே கீறேன். புள்ள பொறந்து, நாப்பது நாளு முடிஞ்சுதான் வருவேன். மூணு மாசம் விசா கீது, பத்தலைன்னா மாப்ள கேட்டுப் பாக்கட்டும். நீங்க போங்க."

"நானு மட்டுமா? சோத்துக்கு இன்னா பண்றது?"

"பூந்தமல்லில ஓட்டலா இல்ல?"

"தலப்பிரசவம் தாய் ஊட்டுலதான் நடக்கணும்னு டிரைவராண்ட அந்தப் பேச்சு பேசினியே."

"தாயி நான் இங்கதான கீறேன்?" என்றாள்.

கிளம்பும்போது நான் மட்டும் கொஞ்ச நேரம் பின்தங்கி நின்றேன். தண்ணீர் அதே சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் அழுததெல்லாம் இந்தப் பாறைக்கும் மரத்துக்கும் தெரியும், பெற்றவன் எனக்குத் தெரியாது. அந்த இடத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. நன்றியாகவும் இருந்தது. அங்கே நின்று ஒரு துஆ கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கெய்ர்ன்ஸ் விமான நிலையத்தில் மூன்று பேரும் கை காட்டினார்கள். நான் ஒருவன் உள்ளே போனேன். மகளை அழைத்து வரப் போனவன் பெண்டாட்டியையும் விட்டுவிட்டு வருகிறேன். முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில் நான் தனியாக ஊர் திரும்புவது அதுதான் முதல் முறை. வழியில் எந்த ஊரையும் நான் கவனிக்கவில்லை, அதனால் எழுத ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை கால் டாக்ஸி தெருமுனையில் நின்றபோது எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். யாரிடமும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. மும்தாஜ் அக்கா பாயசம் காய்ச்சி வைத்திருந்தார். காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே குனிந்து வேறு பார்த்தார்.

"இன்னா பாய், பொண்ணு எங்க? பரிதா எங்க?"

"டாக்டரு பிளைட்டு ஏற வேணாம்னுட்டாரு அக்கா. அதுக்குத் தொணையா பரிதா அங்கயே கீது."

வரிசையாகக் கேள்விகள் வந்தன. ஏன் வேண்டாம் என்றார், இரத்தம் குறைவா, நீர் கோத்திருக்கிறதா, நீங்கள் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா. எல்லாருக்கும் அதே பதிலைச் சொன்னேன். அன்பாகத்தான் கேட்டார்கள், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ராத்திரி நான் பட்டினி கிடக்கக் கூடாது என்று மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ஒவ்வொரு தட்டோடும் ஓர் ஆள் வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். முன்னறைக் கதவை நான் சாத்தியே வைத்திருந்தேன்.

மறுநாள் பட்டறையைத் திறந்தேன். வாசலில் மெட்ரோவுக்கான கிரேன், பஸ், தண்ணீர் லாரி, பூக்காரர், காலேஜுக்குப் போகும் பிள்ளைகள். ஒரு டிப்பர் லாரியின் கதவு நசுங்கி வந்திருந்தது. என்னோடு வேலை பார்க்கும் சேகரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, கதவை மேடையில் சாய்த்து, பெரிய சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். ரோட்டில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள், ஒருவரும் நின்று பார்க்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதேன், எனக்கே கேட்கவில்லை. சேகர் டீயோடு வருவதற்குள் கதவும் நேராகிவிட்டது.